நிலவில் ஒரு தங்கையின் பெயர்

முழுநிலவின் முகத்திலே கருந்திட்டுகள் சில இருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். முயல் என்றும், வடை சுடும் பாட்டி என்றும் சிறுவயதில் நமக்குக் காட்டப்பட்டவை இத்திட்டுகளே. உண்மையில் அவை பன்னெடுங் காலத்துக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்துபோன சமவெளிகள். தொலைநோக்கி புதிதாக வந்த காலத்து அறிஞர்கள் அவற்றைக் கடல்கள் என்று அழைத்தனர். ஒரு சொட்டு நீரும் இல்லாத அந்தச் சமவெளிகளுக்கு அப்பெயரே இன்றும் நிலைத்துவிட்டது.

அவற்றுள் ஒன்று 'மழைக் கடல்'. அதன் வடமேற்கு ஓரத்தில் அரைவட்டமாக வளைந்து கிடப்பது 'வானவில் விரிகுடா'. அவ்விரிகுடாவுக்குத் தெற்கே, பரந்த சமவெளியில், கிண்ணம் போன்ற சிறு பள்ளம் ஒன்று உள்ளது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். விண்ணிலிருந்து வந்து மோதிய கல் ஒன்று உண்டாக்கிய பள்ளம் அது. நிலவில் காற்றும் மழையும் இல்லாமையால் அது அழியாமல் அப்படியே இருக்கிறது. நிலவின் வரைபடத்தில் அதற்கு இடப்பட்டுள்ள பெயர் 'சி. ஹெர்ஷல்'.

யார் இந்த சி. ஹெர்ஷல்?

பெயர் வைத்த வரலாறு

நிலவின் பள்ளங்களுக்கு அறிஞர் பெயர்களைச் சூட்டும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவர் ஒரு குருவானவர் ஆவார். இத்தாலி நாட்டைச் சேர்ந்த இயேசு சபைக் குரு ரிச்சோலி என்பவர், தம் சபையைச் சேர்ந்த கிரிமால்டி வரைந்த நிலவுப் படத்தை 1651-ஆம் ஆண்டில் தம் நூலில் வெளியிட்டார். கடல்களுக்கு மழை, அமைதி, தெளிவு என்றும், பள்ளங்களுக்கு வானியல் அறிஞர்கள், தத்துவ ஞானிகள், புனிதர்கள் ஆகியோரின் பெயர்களையும் அவர் இட்டார். மாணவர்களின் பாதுகாவலியாகிய அலெக்சாந்திரியா நகரத்துப் புனித கத்தரீனம்மாளின் பெயரிலும் பெரியதொரு பள்ளம் உண்டு. அவர் தொடங்கிய முறையே இன்றும் பின்பற்றப்படுகிறது. நம் நாட்டு சர் சி. வி. ராமன் அவர்களின் பெயரும் இப்போது நிலவில் இடம் பெற்றுள்ளது.

ஹெர்ஷல் என்ற பெயரில் மட்டும் நிலவில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலமுள்ள ஒன்று 'ஹெர்ஷல்'. அது யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலுக்கு உரியது. 150 கிலோமீட்டருக்கும் அதிகமான அகலமுள்ள மற்றொன்று 'ஜே. ஹெர்ஷல்'. அது அவருடைய மகன் ஜானுக்கு உரியது. மூன்றிலும் சிறியதாகிய 'சி. ஹெர்ஷல்' என்பது வில்லியத்தின் தங்கை கரோலின் அம்மையாரின் பெயராகும்.

அடுப்படியில் கழிந்த இளமை

கரோலின் 1750-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தை இராணுவ வாத்தியக் குழுவில் இசைக் கலைஞர். குழந்தைப் பருவத்தில் கண்ட பெரியம்மை கரோலினின் முகத்தில் வடுக்களை விட்டுச் சென்றது. பத்து வயதில் வந்த விஷக்காய்ச்சல் அவருடைய வளர்ச்சியையே நிறுத்திவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவருடைய உயரம் நாலேகால் அடிதான்.

இந்தப் பெண்ணுக்குத் திருமணம் ஆகாது என்று வீட்டார் முடிவு செய்துவிட்டனர். அவள் படித்து என்ன பயன், வீட்டு வேலைக்கு இருக்கட்டும் என்பது தாயின் எண்ணம். மகன்களுக்கு இசையும் கல்வியும் கிடைத்தன. மகளுக்குக் கிடைத்தவை காலுறை பின்னுவதும் பாத்திரம் துலக்குவதுமே. தந்தை மட்டும் தாய்க்குத் தெரியாமல் இடையிடையே வயலின் கற்றுக்கொடுத்தார். ஒரு குளிர்ந்த இரவில் தெருவுக்கு அழைத்துச் சென்று விண்மீன்களைக் காட்டியவரும் அவரே.

இங்கிலாந்தின் பாத் நகரில் இசை ஆசிரியராக இருந்த வில்லியம், 1772-ஆம் ஆண்டில் தங்கையைத் தம்மோடு அழைத்துச் சென்றார். வீட்டில் அவளுக்குப் பதிலாக வேலைக்காரி ஒருத்தியை வைத்துக்கொள்ளத் தாய்க்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக ஒப்புக்கொண்ட பின்பே தங்கையை விட்டார்கள். அப்போது கரோலினுக்கு வயது 22.

கதவைத் திறந்த கல்வி

காலை உணவு வேளையில் அண்ணன் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். பாட்டும் சொல்லிக் கொடுத்தார். சில ஆண்டுகளில் கரோலின் மேடையில் தனியாகப் பாடும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார். அதற்குள் அண்ணனுக்கு வானியலில் பித்துப் பிடித்துவிட்டது! வீடே தொலைநோக்கிப் பட்டறையாக மாறியது. கண்ணாடியை மெருகேற்றத் தொடங்கினால் இடையில் கையை எடுக்கக்கூடாது. ஒரு முறை 16 மணி நேரம் வில்லியம் அவ்வாறு உழைத்தபோது, தங்கைதான் உணவை வாயில் ஊட்டிவிட்டாராம்.

1781-ஆம் ஆண்டில் வில்லியம் யுரேனஸைக் கண்டுபிடித்தார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் அளித்தார். இசை வாழ்வு முடிந்தது. அரும்பாடுபட்டுக் கற்ற பாட்டைக் கரோலினும் விட்டுவிட வேண்டியதாயிற்று.

அதன்பின் இருபது ஆண்டுகள் இருவரும் செய்த வேலை இதுதான். இரவில் வில்லியம் பெரிய தொலைநோக்கியின் முன் நின்று, கண்ணில் படுவதை உரக்கச் சொல்வார். கரோலின் சன்னல் அருகே கடிகாரத்தையும் விண்மீன் படத்தையும் வைத்துக்கொண்டு, நேரத்தையும் இடத்தையும் எழுதுவார். பகலில் அந்தக் குறிப்புகளைக் கணக்கிட்டுப் படியெடுத்து ஒழுங்கு செய்வார். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய அவரால் கடைசிவரை முடியவில்லை. ஆகவே அதை ஒரு தாளில் எழுதி எப்போதும் உடன் வைத்திருந்தார். அந்தத் தாளின் துணையோடு ஆயிரக்கணக்கான விண்பொருள்களின் இடங்களை அவர் கணித்து முடித்தார் என்பதைக் கணக்கைக் கண்டு அஞ்சும் மாணவியர் கவனிக்க வேண்டும்.

1783-ஆம் ஆண்டின் கடைசி இரவில், பனி மூடிய தரையில் தொலைநோக்கியைச் சரிசெய்ய ஓடியபோது கரோலின் வழுக்கி விழுந்தார். இரும்புக் கொக்கி ஒன்று தொடையில் பாய்ந்து சதையைக் கிழித்தது. அவ்வளவு வலியிலும், அன்றிரவு பின்னர் மேகம் மூடிவிட்டதால் அண்ணனின் வேலைக்குப் பெரிய இழப்பில்லை என்று ஆறுதல் கொண்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

தாமே கண்ட வால்மீன்கள்

அண்ணன் கொடுத்த சிறு தொலைநோக்கி ஒன்று கரோலினிடம் இருந்தது. ஓய்வு கிடைத்தபோது அதனால் வானத்தைத் துழாவுவார். 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் இரவு, வில்லியம் வெளியூர் சென்றிருந்த சமயத்தில், அதுவரை யாரும் கண்டிராத வால்மீன் ஒன்றை அவர் கண்டுபிடித்தார். 1797-ஆம் ஆண்டுக்குள் அவர் கண்ட வால்மீன்கள் மொத்தம் எட்டு. எட்டாவதைக் கண்டபோது சிறிது நேரமே உறங்கிவிட்டுக் குதிரையேறிக் கிரீனிச் வானாய்வு நிலையத்துக்கு நேரிலே சென்று செய்தி சொன்னார். 1788-இல் அவர் கண்ட ஒன்று 1939-ஆம் ஆண்டு மீண்டும் வந்தது. அது அடுத்து 2092-ஆம் ஆண்டில் வர இருக்கிறது.

1787-ஆம் ஆண்டில் அண்ணனின் உதவியாளர் என்ற முறையில் மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் வழங்கினார். இங்கிலாந்தில் அறிவியல் பணிக்காக ஊதியம் பெற்ற முதல் பெண்மணி அவரே என்பர். தம் விருப்பப்படி செலவழிக்கலாம் என்ற உரிமையோடு தம் கையில் வந்த முதல் பணம் அதுவே என்று அவர் குறித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 37.

கிரீனிச்சில் பிளாம்ஸ்டீடு என்பவர் தயாரித்திருந்த விண்மீன் பட்டியலைக் கரோலின் மூல ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினார். விடுபட்டுப்போன 561 விண்மீன்களையும் சேர்த்தார். இப்பணியை 1798-இல் இராயல் சொசைட்டி வெளியிட்டது.

1822-இல் வில்லியம் காலமானார். கரோலின் ஹானோவருக்குத் திரும்பினார். வயது எழுபதைக் கடந்துவிட்டது. ஆயினும் ஓய்ந்து உட்காரவில்லை. அண்ணன் கண்ட 2500 நெபுலாக்களையும் விண்மீன் கூட்டங்களையும், வானில் தேடுவதற்கு எளிதாகும் வரிசையில் அமைத்து அண்ணன் மகன் ஜானுக்கு அனுப்பினார். ஜான் வானத்தை மீண்டும் ஆராய அதுவே வழிகாட்டியாயிற்று. அப்பணிக்காக இலண்டன் வானியல் சங்கம் 1828-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. அப்பதக்கம் அடுத்து ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1996-இல்தான். இடையில் சென்றவை 168 ஆண்டுகள்!

1835-இல் அச்சங்கம் அவரைக் கௌரவ உறுப்பினர் ஆக்கியது. முழு உறுப்பினராகப் பெண்களைச் சேர்க்க அப்போது விதி இடம் தரவில்லை. 1848-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், 97-ஆம் வயதில், கரோலின் அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

பெயரைப் பட்டியலில் சேர்த்த கை

பெண்களுக்கு அச்சங்கத்தின் கதவு 1916-இல் திறந்தது. அவ்வாண்டு முதலில் சேர்க்கப்பட்ட பெண்களுள் ஒருவர் மேரி பிளாக் என்ற ஆங்கிலப் பெண்மணி. சகோதரர்களின் பாடப்புத்தகங்களை வாங்கித் தாமே கணிதம் கற்றவர் அவர். அக்காலத்தில் ஒரே நிலவுப் பள்ளத்துக்கு ஒவ்வொரு வரைபடத்திலும் ஒவ்வொரு பெயர் இருந்து குழப்பம் விளைந்தது. அக்குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பில் பல்லாண்டு உழைத்த மேரி பிளாக், மியூலர் என்பவரோடு சேர்ந்து தயாரித்த பட்டியலைச் சர்வதேச வானியல் சங்கம் 1935-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. சி. ஹெர்ஷல் என்ற பெயர் முறையாக ஏற்கப்பட்டது அப்போதுதான். பட்டியல் எழுதியே வாழ்நாளைக் கழித்த ஒரு பெண்ணின் பெயரை, பட்டியல் எழுதிய இன்னொரு பெண் காத்துக் கொடுத்தார்! மேரி பிளாக்கின் பெயரிலும் இன்று நிலவில் ஒரு பள்ளம் உண்டு. அதன் அகலம் 5 கிலோமீட்டரே.

அண்ணனுக்கு உதவினாள் என்று ஒரு வரியில் முடிந்துபோயிருக்கக்கூடிய வாழ்க்கை இது. கரோலின் அம்மையாரும் தம்மைப்பற்றி அவ்வளவே சொல்லிக்கொண்டார். புகழெல்லாம் அண்ணனுக்கே என்றார். ஆனால் அவர் எழுதி வைக்காதிருந்தால், அண்ணன் கண்டவற்றில் எத்தனை நமக்கு எஞ்சியிருக்கும்? நம் இல்லங்களிலும் பிறர் பெயரில் முடியும் வேலையைப் பெண்கள் எத்தனையோ பேர் செய்து வருகிறார்கள். மகளைப் படிக்க வைக்கத் தயங்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஹானோவர் நகரத் தாயும் கெட்டவள் அல்லள். மகளுக்கு எது இயலும் என்பதை அறியாதவள், அவ்வளவே.

அமாவாசை கழிந்து பத்து நாட்கள் ஆனபின், 'மழைக் கடலின்' அப்பகுதியில் சூரிய ஒளி சாய்வாக விழும். அப்போது நல்ல தொலைநோக்கி கிடைத்தால் 'வானவில் விரிகுடா'வுக்குத் தெற்கே தேடிப் பாருங்கள். பாதி நிழலும் பாதி ஒளியுமாக அந்தச் சிறு கிண்ணம் தெரியும்.