அந்தப் பச்சைக் கற்கள் எங்கிருந்து வந்தன?

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்திற்கு முதலாண்டு மாணவர் ஒருவர் வந்தார். கையில் ஓர் ஊறுகாய் பாட்டில். உள்ளே பட்டாணி அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் பச்சை நிற உருண்டைகள் இருபதுக்கு மேல் இருந்தன.

"சார், எங்க அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது என்று ஸ்கேனில் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. இதற்குள் யாரோ சொன்னார்கள் என்று ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சம்பழச் சாறும் கலந்து குடித்தார்கள். மறுநாள் காலையில் இவ்வளவும் வெளியே வந்திருக்கிறது. கல்லெல்லாம் போய்விட்டது, இனி ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். இது கல்தானா, பார்த்துச் சொல்ல முடியுமா சார்?"

நான் மருத்துவன் அல்லன். ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த மாணவர் கேட்ட கேள்வி "இது என்ன பொருள்?" என்பதுதான். இது நம் ஆய்வகத்துக்கு உரிய கேள்வி. விடையை நீங்களும் என்னோடு சேர்ந்து தேடுங்கள்.

பித்தநீர் செய்யும் வேலை

முதலில் பித்தப்பை என்றால் என்ன என்று பார்ப்போம். "பித்தம் தலைக்கேறிவிட்டது", "எலுமிச்சை பித்தத்தைத் தெளிய வைக்கும்" என்றெல்லாம் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பித்தம் வாதம், பித்தம், கபம் என்னும் பழைய வைத்திய முறைச் சொல். நாம் இங்கே பேசப்போவது பித்தநீர் என்னும் திரவத்தைப் பற்றி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. இதில் ஒரு பகுதி கல்லீரலின் அடியில் தொங்கும் பித்தப்பை என்னும் சிறு பையில் சேர்கிறது. அது 30 முதல் 50 மி.லி. வரைதான் கொள்ளும். அங்கே நீர் உறிஞ்சப்பட்டுப் பித்தநீர் கெட்டியாகிறது.

எண்ணெய்ப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். எண்ணெய் போகாது. சிறிது சோப்பு சேர்த்தால் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விடும். நாம் உண்ணும் கொழுப்பைக் குடலில் இவ்வாறு நுண்துளிகளாகப் பிரிப்பதே பித்தநீரின் முக்கிய வேலை. கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியை அடைந்ததும் அங்கே ஒரு ஹார்மோன் சுரந்து, இரத்தத்தின் வழியே சென்று, "சுருங்கு" என்று பித்தப்பைக்குக் கட்டளை இடுகிறது. இந்த ஹார்மோனை 1928-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐவி, ஓல்ட்பர்க் என்ற இருவர் கண்டறிந்தனர். அதன் பெயர் கோலிசிஸ்டோகைனின்.

கல் எப்படி உண்டாகிறது?

கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? சர்க்கரைப் பாகு அளவுக்கு மீறிச் செறிவாக இருந்தால், தொங்கவிட்ட நூலின்மேல் படிகங்கள் வளரும். பித்தப்பையிலும் இது போன்ற ஒன்று நடக்கிறது. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த உப்புகளே அதைக் கரைந்த நிலையில் தாங்கி நிற்கின்றன. கொலஸ்ட்ரால் அளவு மிஞ்சினால் அது படிகமாகப் பிரிந்து மெல்ல வளர்ந்து கல்லாகிறது. இது ஒரு வகை. பிலிருபின் என்னும் நிறமியும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் கற்கள் இன்னொரு வகை. மணல் அளவிலிருந்து கோலிக்குண்டைவிடப் பெரிய அளவு வரை கற்கள் இருக்கலாம்.

ஆகவே, பித்தப்பைக் கல் என்றால் அதில் கொலஸ்ட்ராலோ, பிலிருபினோ, கால்சியமோ இருந்தாக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பானம் போகும் வழி

இந்தப் பானம் பல நாடுகளில் பல பெயர்களில் வழங்குகிறது. செய்முறையில் சிறு வேறுபாடுகள் உண்டு. பகலில் உணவைக் குறைத்துப் பழச்சாறு குடிக்க வேண்டும். இரவில் ஆலிவ் எண்ணெயை எலுமிச்சைச் சாற்றோடு கலந்து நிறையக் குடிக்க வேண்டும். சிலர் எப்சம் உப்பையும் சேர்ப்பார்கள். நம் பக்கத்தில் பேதி உப்பு என்பார்களே, அதுதான். வேதியியல் பெயர் மக்னீசியம் சல்பேட்.

குடித்தது எங்கே போகிறது? உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று இறங்குகிறது. பித்தப்பை அந்தப் பாதையில் இல்லை. அது பக்கத்தில் இருக்கும் தனிப் பை. அதிலிருந்து ஒரு குழாய் வழியே பித்தநீர் குடலுக்குள் வருகிறது. தெரு வாய்க்காலில் ஊற்றிய தண்ணீர் வீட்டு மாடியிலுள்ள தொட்டிக்கு ஏறுமா? அதுபோல் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் பித்தப்பைக்குள் ஏறிக் கல்லைத் தொடுவதில்லை. மேலும் எலுமிச்சைச் சாறு புளிப்பானதுதான் என்றாலும், இரைப்பையில் இயல்பாகவே உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைவிட வலியது. சிறுகுடலுக்குள் வந்ததும் கணையம் சுரக்கும் பைகார்பனேட் இந்தப் புளிப்பையெல்லாம் சமன் செய்துவிடுகிறது.

"எண்ணெய் பித்தப்பையைச் சுருங்க வைக்குமே, கல் வெளியே தள்ளப்படாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சுருங்குவது உண்மை. ஆனால் பித்தநீர் குடலுக்கு வரும் பொதுக் குழாயின் அகலம் சாதாரணமாக 6 மி.மீ. அளவுதான். பித்தப்பையிலிருந்து அதில் வந்து சேரும் கிளைக்குழாய் இன்னும் குறுகலானது. அந்த மாணவர் கொண்டுவந்த உருண்டைகளில் பெரியதை வெர்னியர் அளவியால் அளந்தேன். 17 மி.மீ. இருந்தது. கெட்டியான கல்லாக இருந்தால், அதுபோல் இருபது கற்கள் ஒரே இரவில், வலியே இல்லாமல் அந்த வழியே வர முடியுமா?

நியூசிலாந்தில் நடந்த சோதனை

இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்பே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரிலுள்ள வைக்காட்டோ மருத்துவமனையைச் சேர்ந்த சீஸ், ப்ரூக்கர் என்ற இருவர் 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டனர். நாற்பது வயதுப் பெண் ஒருவருக்குப் பித்தப்பைக் கற்கள் இருந்தன. ஒரு மூலிகை வைத்தியர் சொன்னபடி அவர் 600 மி.லி. ஆலிவ் எண்ணெயையும் 300 மி.லி. எலுமிச்சைச் சாற்றையும் சில மணி நேரத்தில் குடித்தார். விடியற்காலையில் பச்சை நிறக் "கற்கள்" வலியின்றி வெளிவந்தன. அவர் அவற்றைச் சேகரித்து உறைபெட்டியில் வைத்திருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்.

அவர்கள் அந்தப் பொருளை உருப்பெருக்கியில் பார்த்தார்கள். படிக அமைப்பு எதுவும் இல்லை. வேதியியல் முறையில் சோதித்தார்கள். கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியமும் இல்லை. 40° செல்சியசில் பத்து நிமிடம் வைத்தபோது பச்சை நிற எண்ணெயாக உருகிவிட்டது. அதில் 75 சதவீதம் கொழுப்பு அமிலங்கள்!

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. ஆலிவ் எண்ணெயில் மிகுதியாக உள்ள ஒலியிக் அமிலத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் சம அளவு கலந்து, சிறிது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சேர்த்தார்கள். வெள்ளை உருண்டைகள் திரண்டன! காற்றில் உலர்ந்ததும் அவை கெட்டியாகிவிட்டன. வயிறும் குடலும் இல்லாமலே, கண்ணாடிக் கலத்தில் "கல்" பிறந்துவிட்டது.

கல் அல்ல, சோப்பு

இதன் வேதியியல் நீங்கள் பாடத்தில் படிப்பதுதான். எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தது. லிப்பேஸ் என்னும் நொதி இதைப் பிரித்து, கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. கொழுப்பு அமிலம் சோடியம், பொட்டாசியம் போன்ற உலோகங்களோடு சேர்ந்தால் கிடைப்பது சோப்பு. எலுமிச்சைச் சாற்றில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. எனவே இவை "சோப்புக் கற்கள்" என்று அந்த இருவரும் முடிவு செய்தார்கள். பச்சை நிறம் ஏன் என்று வியக்க வேண்டாம். குடலில் பித்தநீர் இருக்கிறதே, அதன் நிறமே பச்சை கலந்த மஞ்சள்தான்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பாருங்கள். 600 மி.லி. ஆலிவ் எண்ணெயின் நிறை ஏறத்தாழ 550 கிராம். ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும் என்றால் மொத்தம் சுமார் 4,950 கிலோ கலோரி. இது ஒருவருக்கு இரண்டு நாள் உணவுக்குச் சமம். இவ்வளவையும் குடல் ஒரே இரவில் செரித்து உறிஞ்சிவிடுமா? எஞ்சியது வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

நீங்களே செய்து பாருங்கள்

துணி சோப்புத் துண்டு ஒன்றைச் சீவி வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். பழைய முறையில் எண்ணெயிலிருந்து செய்த கட்டிச் சோப்பாக இருக்கட்டும். சலவைத் தூள் வேண்டாம். தெளிந்த கரைசலில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கரைசல் வெண்மையாகிக் கட்டிகள் திரண்டு மேலே மிதக்கும். சோப்பிலிருந்த கொழுப்பு அமிலத்தை எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம் பிரித்துவிட்டது. இது அந்த உருண்டைகள் உருவான வினையே அல்ல. அதற்கு உறவான வினை. எண்ணெயிலிருந்து வந்த பொருள் எவ்வளவு எளிதில் "கல்" வேடம் போடுகிறது என்று காட்ட இது போதும்.

ஏன் நம்பிவிடுகிறோம்?

குடித்தார்கள், கல் போன்ற ஒன்று வந்தது, அன்று வலியும் இல்லை. நம்பாமல் எப்படி இருப்பது? ஆனால் பித்தப்பைக் கல்லின் வலி இயல்பாகவே விட்டு விட்டு வருவது. சில மாதங்கள் வராமலும் இருக்கும். ஒன்றன்பின் ஒன்று நடந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணம் ஆகிவிடாது.

இதே எலுமிச்சை ஒரு காலத்தில் உண்மையாகவே உயிர் காத்தது. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான மருந்துகள் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவாகத் தேறினர். எலுமிச்சையை அறிவியல் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அந்த ஒப்பீடு. நம் பானத்துக்கும் அதே அளவுகோல்தான்: குடிப்பதற்கு முன் ஸ்கேன், குடித்தபின் ஸ்கேன். பித்தப்பையில் இருந்த கல் குறைந்திருக்கிறதா? ஹாமில்டன் பெண்ணுக்குக் கல் அப்படியே இருந்தது. பின்னர் அறுவை சிகிச்சை செய்துதான் அகற்றினார்கள்.

தீங்கு இல்லையே, குடித்தால் என்ன என்பாரும் உண்டு. கல் உள்ள பித்தப்பையை ஒரேயடியாகச் சுருங்கச் செய்தால் ஒரு சிறு கல் குழாயில் வந்து அடைத்துக்கொள்ளக்கூடும். அடைத்தால் மஞ்சள் காமாலை, கணைய அழற்சி போன்றவை வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பேதி உப்பின் மக்னீசியமும் ஆபத்து. எல்லாவற்றிலும் பெரிய தீங்கு, "கல் போய்விட்டது" என்று நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவது. தொந்தரவு தராத கற்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது. ஆனால் எது தொந்தரவு, எது இல்லை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சலோ, கண் மஞ்சளோ, விடாத வலியோ இருந்தால் தாமதம் கூடாது.

மீண்டும் அந்தப் பாட்டில்

இனி எங்கள் ஆய்வகத்துக்கு வருவோம். அன்று ஒரு பீக்கரில் 40° செல்சியஸ் வெந்நீர் எடுத்து, சோதனைக் குழாயில் ஓர் உருண்டையைப் போட்டு அதில் நிறுத்தினோம். பத்து நிமிடம் ஆவதற்குள் அது குழைந்து பச்சை எண்ணெயாகிவிட்டது. தூய கொலஸ்ட்ரால் உருகச் சுமார் 148° செல்சியஸ் வேண்டும். கொதிக்கும் நீரில்கூட அது உருகாது. மாணவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கல் இல்லை என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும், தம்பி. அம்மாவை இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்" என்றேன்.

எடுத்தார்கள். மூன்று கற்களும் முன்பிருந்த இடத்திலேயே இருந்தன. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரம் கழித்து அந்த மாணவர் மறுபடி வந்தார். மருத்துவர் எடுத்துக் கொடுத்த மூன்று கற்கள் ஒரு சிறு புட்டியில் இருந்தன. ஒன்றை அதே 40° வெந்நீரில் வைத்தோம். அரை மணி நேரம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை.

ஊறுகாய் பாட்டிலை ஆய்வக அலமாரியிலேயே வைத்திருந்தேன். சித்திரை மாத வெயிலில் ஒரு நாள் திறந்து பார்த்தால் உருண்டைகளைக் காணோம். அடியில் பச்சை எண்ணெய் மட்டும் தேங்கி இருந்தது. பக்கத்தில் அந்த மூன்று கற்களும் வைத்தது வைத்தபடி இருந்தன.