ஆராய்ச்சி படிக்கிறாள் என்றால் என்ன படிக்கிறாள்?



"பொண்ணு எம்.எஸ்சி. முடிச்சிட்டா. இன்னும் அஞ்சு வருஷம் ஆராய்ச்சி படிக்கணும்னு சொல்றா" என்று குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னால் என்ன கேட்போம்? "இன்னுமா படிப்பு? கல்யாணம் எப்போ?" என்றுதான் கேட்போம். அஞ்சு வருஷம் அப்படி என்ன படிப்பு என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. நமக்குப் பழக்கமான தோலை வைத்தே இதைப் பார்ப்போம்.

ஆந்திராவில் தெனாலி பக்கம் எலவர்ரு என்று ஒரு கிராமம். அங்கே 1922-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் நாயுடம்மா. பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்காதீர்கள், ஆண்தான். குண்டூரில் கல்லூரி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் பட்டம். அதன் பிறகு சென்னையில் தோல் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தோல் என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்த வேலை செய்தவர்களை ஊருக்கு வெளியே தள்ளி வைத்த காலம் அது. பட்டம் வாங்கியவர் தேடிப் போகிற இடமில்லை. அங்கிருந்து இங்கிலாந்து போனார். பிறகு அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது ஒரு சாதாரணக் கேள்விதான். பச்சைத் தோல் அழுகிப் போகிறது, பதனிட்ட தோல் அழுகுவதில்லை. ஏன்? நம் பாட்டன் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊற வைத்தார்கள், தோல் பதமானது. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி.

தோலில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். அது எப்படி இருக்கும்? மூன்று இழைகள் ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கின கயிறு மாதிரி. பொண்ணுக்கு மூணு பிரி எடுத்து ஜடை போடுகிறோமே, ஏறக்குறைய அப்படி. இதைக் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். வருஷம் 1954, 1955. அதற்கு அவர்கள் சோதித்துப் பார்த்தது கங்காருவின் வால் நரம்பை! அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம்தான் அதைக் கொடுத்தது. இந்தக் கயிறுகளுக்கு நடுவே பட்டையின் துவர்ப்புச் சத்து புகுந்து முடிச்சுப் போட்டு விடுகிறது. முடிச்சு விழுந்த பிறகு கிருமியால் தின்ன முடியாது. பட்டை வாரக்கணக்கில் செய்ததைக் குரோம் ஒரு நாளில் செய்யும்.

ஆராய்ச்சிப் படிப்பு இதுதான். ஒரே கேள்வி, வருஷக்கணக்கான சோதனை. பாதி சோதனை வீணாகும். கடைசியில் எழுதிக் கொடுத்து, பேராசிரியர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற படிப்பு இல்லை.

நாயுடம்மா திரும்பி வந்து 1951-ல் அடையாறு நிலையத்தில் சேர்ந்தார். 1958-ல் இயக்குநரானபோது நாற்பது வயசு ஆகவில்லை. விஞ்ஞானி தோல் ஷாப்புக்குப் போக வேண்டும், தோல் ஷாப்புக்காரர் ஆய்வுக்கூடத்துக்கு வர வேண்டும் என்று நிலையத்தை நடத்தினார். அப்போதெல்லாம் நம்ம பக்கத்துத் தோல் பாதி பதனிட்ட நிலையிலேயே கப்பலேறும். 1970-களில் அரசு அதைக் கட்டுப்படுத்தியது. முழுசாகப் பதனிடுவதும் ஷூ தைப்பதும் இங்கேயே வளர்ந்தன. இன்று ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் மெஷின் முன்னால் உட்காருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாயுடம்மா பின்னாளில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1985-ல் வெடிகுண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட கனிஷ்கா விமானத்தில் இறந்தார்.

கேள்வி தீர்ந்துவிடவில்லை. போடுகிற குரோம் முழுவதையும் தோல் குடிப்பதில்லை, மீதி தண்ணீரோடு வெளியே போகிறது. தோலுக்குப் போட்ட உப்பும் போகிறது. நம் கிணற்றுத் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்று பாலாற்றங்கரைப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தால் தடுக்கலாம். குரோமை மிச்சமில்லாமல் தோலுக்குள் ஏற்றும் வழியை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் சேர்க்காமல் குரோம் பதனிடும் முறையை அடையாறு நிலையம் கண்டுபிடித்திருக்கிறது. உப்புக்கு முழுத் தீர்வு இன்னும் பாக்கி. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பொண்ணு அந்தக் கேள்வியை எடுத்தால் என்ன?

இனி காசு விஷயம். ஆராய்ச்சி என்றாலே செலவு என்று பயப்படுகிறோம். அறிவியல் பாடங்களுக்கு 'நெட்' என்ற தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருஷம் கழித்து 42,000. இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். முதுகலையில் 55 சதவீதம் மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். பெண்களுக்கு வயது வரம்பில் 5 வருஷம் தளர்வு உண்டு. கல்யாணமாகிக் குழந்தை பெற்றவர்களும் எழுதலாம்.

ஆனால் ஆராய்ச்சியில் சேருகிற எல்லோருக்கும் இந்தப் பணம் கிடைக்காது. உதவித்தொகை இல்லாத இடத்தில் சேர்த்துவிட்டு அதற்குக் குழுவில் கடன் வாங்குவதை நான் சொல்ல மாட்டேன். சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: உதவித்தொகை உண்டா, விடுதி உண்டா, வழிகாட்டும் பேராசிரியரிடம் இதற்கு முன் படித்த பெண்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள்? மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. அதை அந்தப் பேராசிரியரிடம் இப்போது படிக்கிற பொண்ணுங்களிடம் தனியாகக் கேட்டால் நிஜம் தெரியும்.