கனம், வேகம், அதிகாரம்: ஸ்போர்ட்ஸ் கார்களின் எடை பற்றி

ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய பேச்சில் இரண்டு எண்கள்தான் எப்போதும் உரக்கக் கேட்கும். ஒன்று, எத்தனை குதிரைசக்தி. மற்றது, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி. மூன்றாவதாக ஓர் எண் உண்டு: வண்டியின் எடை. விளம்பரத்தில் அது பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஒரு சொல்லாடலில் எது உரக்கப் பேசப்படுகிறது என்பதோடு எது முணுமுணுக்கப்படுகிறது என்பதையும் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கார்ப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். 'கோடீஸ்வரன் பொம்மையைப் பற்றி நமக்கென்ன பேச்சு?' என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரே பதில்தான். அந்தப் பொம்மை ஓடுவது பொதுச் சாலையில்.

முதலில் இயந்திரக் கணக்கு. (பௌதிக வாத்தியார் 'நிறை' என்பார்; நாம் பேச்சு வழக்கில் எடை என்றே வைத்துக்கொள்வோம்.) ஒரு வண்டி மூன்று காரியம் செய்கிறது: வேகமெடுக்கிறது, திரும்புகிறது, நிற்கிறது. மூன்றிலும் எடை குறுக்கே வருகிறது. ஆனால் ஒரே மாதிரி அல்ல. நேர்ச்சாலையில் வேகமெடுக்கும்போது, கூடிய எடைக்கு ஈடாக எஞ்சினைப் பெரிதாக்கிச் சரிக்கட்டிவிடலாம். திருப்பத்தில் இந்தச் சரிக்கட்டல் எடுபடாது. அங்கே வண்டியைப் பிடித்துவைப்பது டயர்கள் தரையைத் தொடும் நான்கு சிறிய இடங்கள் மட்டுமே. டயர்மீது சுமை இரட்டித்தால் அதன் பிடிமானம் இரட்டிப்பதில்லை. அதற்குக் குறைவாகவே கூடுகிறது. நிறுத்தும்போதோ, ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். அதே வேகத்தில் எடை மூன்று மடங்கானால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் மூன்று மடங்கு. எனவே அகலமான டயர், அதைத் தாங்கப் பெரிய சக்கரம், அதை நிறுத்தப் பெரிய பிரேக், இவற்றைப் பொருத்தத் தடித்த சட்டகம். இவையெல்லாம் சேர்ந்து மறுபடியும் எடை. வட்டி குட்டி போடுவதுபோல எடையும் குட்டி போடுகிறது.

ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் எம்5, நாலு கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கார் எனலாம். எண்பதுகளின் மத்தியில் வந்த முதல் எம்5 சுமார் 1,430 கிலோ; 286 குதிரைசக்தி. 2024இல் வந்த எம்5 பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது; சுமார் 2,435 கிலோ; 727 குதிரைசக்தி. சக்தி இரண்டரை மடங்கு. ஆனால் டன்னுக்கு எத்தனை என்று பார்த்தால் பழையதில் 200, புதியதில் சுமார் 300. அதாவது ஒன்றரை மடங்குதான். பழைய வண்டியின் விகிதத்தைக் காப்பாற்றவே புதியதற்கு 487 குதிரைசக்தி வேண்டும். கூடுதலாக வந்த 441 குதிரைகளில் ஏறக்குறைய 200 குதிரைகள், கூடுதலாக வந்த ஒரு டன்னைச் சுமப்பதற்கு மட்டுமே பூட்டப்பட்டவை. விளம்பரம் 727 என்ற எண்ணைக் கொண்டாடுகிறது. அந்த எண்ணுக்குள் இருக்கும் சுமைகூலி யார் கண்ணிலும் படுவதில்லை.

எடை கூடியது தெரியாமலிருக்க இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது. பின்சக்கரங்களும் சேர்ந்து திரும்புகின்றன, நீண்ட கனத்த வண்டி குட்டையானதுபோல நடந்துகொள்ள. வண்டி சாயாமலிருக்க மோட்டார்கள், சறுக்காமலிருக்கக் கணினிகள். 2011இல் வந்த எம்5 வண்டியில் எஞ்சின் சத்தத்தையே உள்ளே ஒலிபெருக்கி வழியாகக் கொடுத்தார்கள். சத்தம் வராமலிருக்கப் போட்ட அடைப்புகளுக்குள் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு கருவி! கனத்தை மறைக்கும் இந்தச் சாதனங்களுக்கும் கனம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. 'அசல்' காணாமல் போன இடத்தில் அசலின் குறி உட்கார்ந்துகொள்வதைப் பற்றி நாம் கோட்பாட்டுப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். இங்கே அது நாலு சக்கரத்தில் ஓடுகிறது.

இலேசான வண்டியின் கவர்ச்சி வேறு வகை. 1989இல் மஸ்டா கொண்டுவந்த எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவு, எஞ்சினும் சின்னது. நேர்ச்சாலைப் பந்தயத்தில் அது யாரையும் அசத்தாது. ஆனாலும் 2016க்குள் பத்து லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. காரணம் எளியது. கையைக் கொஞ்சம் அசைத்தால் வண்டி உடனே அசைகிறது. டயரின் பிடி எப்போது நழுவப்போகிறது என்பது கைக்கும் முதுகுக்கும் முன்கூட்டியே தெரிகிறது. இந்த இன்பத்தை அனுபவிக்க 250 கிலோமீட்டர் வேகம் தேவையில்லை. சாதாரண வேகத்திலேயே கிடைக்கிறது.

அப்படியானால் ஏன் எல்லாரும் கனத்தின் பக்கம் போகிறார்கள்? தமிழிலேயே இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. கனவான், கனம் பொருந்திய, கனம் கோர்ட்டார் என்று கனத்தை மரியாதையோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். ஆளை 'இலேசாக எடைபோடாதே' என்கிறோம். கதவைச் சாத்தும்போது 'தட்' என்று கனமாகக் கேட்டால் நல்ல கார் என்று நம்பி வாங்குகிறவனுக்காக, அந்தக் கதவுச் சத்தத்தையே பொறியாளர்கள் உட்கார்ந்து வடிவமைக்கிறார்கள். ஆக, கனம் ஒரு குறியும்கூட.

ஆனால் இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிடுவது சோம்பேறித்தனமான விமர்சனம். எடையில் ஒரு பகுதி சட்டம் சேர்த்தது: காற்றுப்பைகள், கதவுக்குள் எஃகுச் சட்டங்கள், மோதலில் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் முன்பகுதி. இவை உயிர் காத்தவை. இலேசை ஒரு தத்துவமாகவே ஆக்கிய லோட்டஸ் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சாட்சி. அதன் நிறுவனர் காலின் சாப்மன் 1948இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றிலிருந்து தன் முதல் காரைக் கட்டினார். பெரிய எஞ்சினுக்குக் காசில்லாதவன் எடையைக் குறைத்துத்தான் ஜெயிக்க முடியும். அவருடைய இலேசு அந்த இல்லாமையில் பிறந்தது. 1957இன் லோட்டஸ் செவன் சுமார் 500 கிலோதான். ஆனால் பந்தயக் களத்தில் இதே தத்துவம் உடையக்கூடிய பாகங்களாகவும் வெளிப்பட்டது. 1969இல் பார்சிலோனாவில் இறக்கை முறிந்து விபத்துக்குள்ளான யோஹன் ரிண்ட், கார்கள் இப்படி உடைவதைக் குறித்துச் சாப்மனுக்கே கடிதம் எழுதினார். 1970 செப்டம்பரில் மோன்ஸாவில் லோட்டஸ் காரிலேயே இறந்துபோனார். பிரேக் தண்டு முறிந்தது விபத்துக்கும், சரியாகப் பொருத்தப்படாத தடுப்பு வேலி சாவுக்கும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த ஆண்டு உலகச் சாம்பியன் பட்டம் செத்தவருக்குத்தான் கொடுக்கப்பட்டது.

இங்கேதான் நம் கேள்வி கூர்மையடைகிறது. மிதமிஞ்சிய இலேசுக்கு விலை கொடுப்பவன் பெரும்பாலும் காருக்குள் இருப்பவன். மிதமிஞ்சிய கனத்துக்கு விலை கொடுப்பவன் யார்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2,400 கிலோ வண்டியும் 800 கிலோ வண்டியும் தலைக்குத் தலை, இரண்டும் 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. உந்தக் கணக்குப்படி, இரண்டும் சேர்ந்து கனத்த வண்டி போன திசையிலேயே 30 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கனத்த வண்டிக்காரன் சந்தித்த வேக மாற்றம் 30. எதிரே வந்தவன் 60இல் முன்னே போய்க்கொண்டிருந்தவன், 30இல் பின்னே தள்ளப்படுகிறான். அவன் உடம்பு சந்தித்தது 90. எடை மூன்று மடங்கு என்றால் அடியும் மூன்று மடங்கு, எதிராளிக்கு. கனத்த வண்டியில் கிடைக்கும் 'பாதுகாப்பு' ஓரளவுக்கு அடுத்தவனிடமிருந்து எடுக்கப்பட்டது. சைக்கிளில் போகிறவனையும் நடந்து போகிறவனையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டியதில்லை. எடை ஒரு பொருளின் குணமாகத் தோன்றினாலும், சாலையில் அது ஓர் உறவு. அதிகார உறவு.

இலேசுக்கு என்ன ஆயிற்று? அது பணக்காரர்களின் துறவுக்கோலமாகிவிட்டது. 1987இன் ஃபெராரி எஃப்40 காரில் கம்பளமும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. கதவை உள்ளிருந்து திறக்க ஒரு கம்பிக் கயிறு. கார்டன் மரே 2020இல் அறிமுகப்படுத்திய டி.50 ஒரு டன்னுக்கும் குறைவு. 100 வண்டிகள் மட்டுமே என்று திட்டம். விலை வரி நீங்கலாக 23.6 லட்சம் பவுண்ட். இல்லாமையில் பிறந்த இலேசை இப்போது கோடிகொட்டி வாங்க வேண்டியிருக்கிறது. லோட்டஸ் 1996இல் கொண்டுவந்த எலிஸ் சுமார் 725 கிலோ. 2021இல் அதன் உற்பத்தி நின்றது. 2017இல் சீனாவின் ஜீலி கைக்கு வந்த அதே லோட்டஸ் இப்போது விற்கும் எலெட்ரே என்னும் மின்வண்டி சுமார் இரண்டரை டன். அந்த எடைக்கு மூன்று எலிஸ்கள் நிற்கும், மிச்சமும் இருக்கும்.

மின்வண்டிக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் ஆற்றல் உண்டு. ஒரு கிலோ கார் பேட்டரியில் பொதுவாகக் கால் யூனிட்கூடத் தேறாது. பெட்ரோல் எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது என்பதைக் கழித்தாலும் இடைவெளி பெரியதுதான். புகை இல்லாமலிருக்கக் கனத்தைச் சுமக்கலாம், சரி. ஆனால் 1,914 குதிரைசக்தியும் இரண்டு டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ரிமாட்ஸ் நெவேரா இரண்டு விநாடிக்குள் 100ஐத் தொடுவதற்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்? கனம் எந்தச் சோதனையில் தோற்காதோ, அந்த நேர்ச்சாலைச் சோதனையே 'செயல்திறன்' என்ற சொல்லின் பொருளாக நிலைநிறுத்தப்படுகிறது.

2024 பிப்ரவரியில் பாரிஸ் நகர மக்களிடம் ஒரு கேள்வி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது: வெளியிலிருந்து வரும் கனத்த கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா? 54.5 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஆனால் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. பெட்ரோல், டீசல், கலப்பின வண்டிகளுக்கு 1.6 டன், மின்வண்டிகளுக்கு 2 டன் என்று எல்லை வைத்து அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எடை முதன்முதலாக உரக்கப் பேசப்பட்ட தருணங்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். ஆனால் இந்தத் தராசிலும் ஓர் ஓட்டை: 23.6 லட்சம் பவுண்ட் டி.50 சாதாரணக் கட்டணத்தில் நின்றுவிட்டுப் போகும். கடன் வாங்கிப் பெரிய குடும்ப வண்டி வைத்திருப்பவன் மூன்று மடங்கு கட்டுவான். எதிரே வருபவன் உடம்புக்கு வரும் ஆபத்தை எடை அளந்துவிடுகிறது; வர்க்கத்தை அளப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல், இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேட்பது எப்படி என்பதுதான் நாம் பேச வேண்டியது.