அலைச்சறுக்கு கற்கக் கோவளம் போகிறவர்களுக்கு

கோவளத்துக்குப் போகிறேன் என்று காஞ்சிபுரம் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் தாமலில் சொன்னால், "கேரளாவுக்கா?" என்றுதான் கேட்பார்கள். அது திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோவளம். நான் சொல்வது நம்முடைய கோவளத்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டைத் தாண்டியதும் வரும் மீனவ ஊர். 2019 நவம்பரில் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரிக்கும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன மாவட்டத்துக்குக் கடற்கரையும் இருந்தது என்பதே எங்கள் பக்கம் பலருக்கு நினைவில்லை. இன்றைக்கு இந்தியாவில் அலைச்சறுக்கு என்று பேச்சை எடுத்தால் முதலில் சொல்லப்படும் ஊர்களில் அதுவும் ஒன்று.

நான் தறி வீட்டில் பிறந்து தறி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். மகளுக்குத் துணையாக முதலில் போனேன். பிறகு நானும் பலகையில் ஏறிவிட்டேன். இப்போது எங்கள் தெருவில் யாராவது பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால் என்னிடம்தான் கேட்கிறார்கள். எப்போது போகலாம், என்ன உடுத்தலாம், கடல் இழுத்துவிடாதா என்று. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஏரி நீச்சல் தெரியும் என்ற தைரியத்தை மட்டும் நம்பிக் கடலில் இறங்காதீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏரியிலும் கிணற்றிலும் மீன்போல நீந்துவார்கள். ஏரித் தண்ணீர் இருந்த இடத்தில் இருக்கும். கடல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான வழி கிடைத்தால், அதன் வழியே ஆற்றைப்போல உள்நோக்கிப் பாயும். பார்ப்பதற்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். அலை உடையாது, தண்ணீர் கொஞ்சம் கருத்திருக்கும், நுரை மெல்ல உள்ளே நகரும். விவரம் தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி நீந்திப் போராடக் கூடாது; களைத்துப்போய் மூழ்குகிறவர்களே அதிகம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்த பிறகு, அலையோடு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெம்பில்லையென்றால் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

கோவளத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த தம்பி, தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் எங்களைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். "அக்கா, கொஞ்ச நேரம் சும்மா நின்னு கடலைப் பாருங்க. எந்த எடத்துல அலை ஒடையுது, எங்க ஒடையல, சொல்லுங்க" என்றார். என் மகள் உடையாத இடத்தைக் கைநீட்டிக் காட்டினாள். "அங்கதான் பாப்பா போகக் கூடாது" என்றார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது.

அந்தத் தம்பி மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. கோவளத்தில் பலகை பிடித்துக் கற்றுத் தருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். இந்த ஊரின் அலைச்சறுக்குக் கதையே ஒரு மீனவரிடம்தான் தொடங்குகிறது. மூர்த்தி மேகவன் என்ற அந்த மனிதர் கோவளம் குப்பத்துக்காரர். வெளிநாட்டுக்காரர்களிடம் பலகையை இரவல் வாங்கிப் பழகி, தானே தேர்ந்து, குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். இஸ்ரேலைச் சேர்ந்த இசைத் தயாரிப்பாளர் யோதம் ஆகமும் சென்னைத் தொழிலதிபர் அருண் வாசுவும் துணைநிற்க, 2012-ல் 'கோவ்லாங் பாயின்ட்' பள்ளி உருவானது. குடி, புகை இரண்டும் கூடாது என்பது மூர்த்தி தன்னிடம் கற்கும் பிள்ளைகளுக்கு வைத்த நிபந்தனை. அடுத்த ஆண்டே போட்டியும் இசையும் சேர்ந்த விழா ஒன்று தொடங்கியது. கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ் அந்த விழாவுக்கு வந்து அலையேறியிருக்கிறார்.

மீனவர் வீட்டுப் பிள்ளை பலகை ஏறுவதில் எனக்கு வியப்பில்லை. கட்டுமரத்தை அலைக்கு மேலே ஏற்றி இறக்கிக் கரைசேர்ப்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை. உலகத்தின் மறுகோடியிலும் இதே கதைதான். பிரேசிலின் வடகிழக்கில் பாயா ஃபர்மோசா என்ற சின்ன மீனவ ஊர். அங்கே மீன் விற்பவரின் மகன் இத்தாலோ ஃபெரேரா, அப்பாவுடைய ஐஸ் பெட்டியின் தெர்மகோல் மூடியில் படுத்துத்தான் அலையில் பழகினார். 2019-ல் உலகச் சாம்பியன் ஆனார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது ஆண்களுக்கான முதல் தங்கமும் அவருக்குத்தான். கோவளத்துப் பையன்கள் அவர் பெயரைச் சொந்த அண்ணன் பெயர்போலச் சொல்வார்கள்.

எப்போது போகலாம்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லும் கணக்கு எளிது. தாமல் ஏரியில் கலங்கல் ஓடும் மாதங்களில் கோவளத்துக் கடலில் இறங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடல் புயல்களும் சேர்ந்து கடலைக் கலக்கிவிடும். தேர்ந்தவர்களே பார்த்துத்தான் இறங்குவார்கள். தை முதல் பங்குனி வரை கடல் சாது. சிறு பிள்ளைகளுக்கும் முதன்முதலாகக் கற்பவர்களுக்கும் அதுதான் ஏற்ற காலம். வைகாசியில் தொடங்கி ஆவணி வரை அலை பெரிதாகவும் ஒழுங்காகவும் வரும். அந்த அலைகள் நம் கடலில் பிறந்தவை அல்ல. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் தள்ளிவிட்டவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து நம் கரையில் உடைகின்றன. அந்த மாதங்களில் காலை வேளையில் மேற்கேயிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அது அலையின் முகத்தைத் தடவிக்கொடுத்து நிமிர்த்தி வைக்கும். நண்பகல் நெருங்கும்போது கடற்காற்று திரும்பிவிடும். அலை கலைந்து சொரசொரப்பாகும். அதனால்தான் வகுப்புகள் விடியற்காலை 6 மணிக்கே தொடங்குகின்றன. பத்து மணிக்குப் போய் நின்றால் வெயிலும் கலங்கிய தண்ணீரும்தான் மிச்சம்.

தென்கடலிலிருந்து வரும் இதே அலை சில நாள் எதிர்பாராமல் பெருக்கெடுக்கும். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் அதைக் 'கள்ளக்கடல்' என்கிறார்கள். வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது, அலை மட்டும் ஏறிவரும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படித்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முதல்நாள் அதைப் பாருங்கள். பள்ளிக்கும் ஒரு போன் போட்டுக் கடல் எப்படி இருக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். "இன்னிக்கு வேணாங்க்கா" என்று அவர்கள் சொன்னால் வாதாடாதீர்கள்.

தாமலிலிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே உப்பளங்களும் கழிவெளியும் வரும். சன்னலோர இருக்கை பிடியுங்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மாமல்லபுரம் பேருந்துகள் போதும், கோவளம் நிறுத்தத்தில் இறங்கி உள்ளே போகலாம். எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை வகுப்புக்கு அன்றைக்கே கிளம்பி வருவது நடக்காத காரியம். முதல்நாள் மாலையே வந்து தங்கிவிடுங்கள்.

உடைபற்றிப் பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். நீச்சலுடை வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழ்வரும் இறுக்கமான கால்சட்டை, முழுக்கைச் சட்டை போதும். துப்பட்டா, தொளதொளப்பான சுடிதார், சேலை எதுவும் கூடாது. தண்ணீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். கம்மல், கொலுசு, தாலிச் சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். கோவளம் கடற்கரையின் ஒரு பகுதிக்கு 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தண்ணீரின் தூய்மை, பாதுகாப்பு, கழிப்பறை, உடைமாற்றும் அறை என்று 33 வரையறைகளைப் பார்த்துத் தரும் உலகச் சான்று அது. பெண்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்தக் கழிப்பறையும் அறையும் எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது. இன்னொன்று: காஞ்சிபுரத்தில் பட்டு எடுத்துக்கொண்டு அப்படியே கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. பையைக் காரில் திறந்து போடாதீர்கள். ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. உப்புக்காற்று அதற்கு ஆகாது.

இனிப் பலகை. தொடக்கக்காரர்களுக்கு எட்டு, ஒன்பது அடி நீளத்தில் மேற்புறம் மெத்தென்ற பலகை தருவார்கள். மோதினாலும் காயம் படாது. பலகையின் வால்பக்கத்திலிருந்து வரும் கயிற்றைக் கணுக்காலில் கட்டிவிடுவார்கள். அதன் பெயர் லீஷ். முதலில் மணலில் விரலால் பலகை வடிவம் வரைந்து, அதன்மேல் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். மார்புக்குப் பக்கத்தில் உள்ளங்கைகளை ஊன்றி, ஒரே எழும்பலில் இரண்டு பாதமும் பலகையின் குறுக்கே வந்துவிட வேண்டும். முழங்கால் போட்டு எழக் கூடாது. எந்தக் கால் முன்னால் என்பதை அவர்கள் கண்டுபிடிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். சொல்லாமல் முதுகில் லேசாகத் தள்ளுவார்கள்; தடுமாறி எந்தக் கால் முன்னே வருகிறதோ அதுவே முன்கால்.

தண்ணீருக்குள் இடுப்பளவு ஆழத்தில் அவர்களே பலகையைப் பிடித்துக்கொண்டு அலைக்குக் காத்திருப்பார்கள். கடலின் ஆழம் அலையின் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில் அலையின் அடி தரையில் தட்டித் தலை முன்னே சாயும். உடைந்து நுரையாக வரும் அந்த அலையில்தான் முதல் பாடம். பலகை தூக்கிக்கொள்ளும் கணத்தில் எழ வேண்டும். எங்கள் குழித்தறியிலும் அப்படித்தான். மிதி மாறிப் பாவு விரியும் நேரத்தில்தான் நாடா போக முடியும், முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது. எனக்கு அந்தக் கணம் புரிந்தது தறி தந்த பழக்கத்தால்தான் என்று நம்புகிறேன். எழுந்ததும் எல்லோரும் காலையே குனிந்து பார்ப்போம்; பார்த்தால் விழுவோம். "கரையைப் பாருங்க, அக்கா! தென்னமரத்தைப் பாருங்க!" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். தென்னைமரத்தைப் பார்த்தால் நிற்கலாம்.

விழும்போது தலைகீழாகப் பாயாமல் பக்கவாட்டில் தட்டையாக விழுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து எழும்போது ஒரு கையால் தலையை மறைத்துக்கொள்ளுங்கள். பலகை மேலே எங்கே இருக்கிறது என்று தெரியாது. சொறி என்னும் ஜெல்லிமீன் பட்டால் மணல்போட்டுத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவிக் கற்றுத்தருபவரிடம் காட்டுங்கள். பாறைகள் இருக்கும் முனைப்பக்கம் தேர்ந்தவர்களுக்கு உரியது.

அந்தக் கரை மீனவர்கள் வேலை செய்யும் இடம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகும் கட்டுமரமும் அப்போதும் போய்வரும். படகு அலையோடு வேகமாக ஏறிவந்து மணலில் மோதி நிற்கும், குறுக்கே நின்றால் அவர்களால் திருப்ப முடியாது. காயும் வலைமேல் நடக்காதீர்கள். எங்கள் வீட்டில் பாவு நீட்டியிருக்கும்போது யாராவது மிதித்தால் நாங்கள் என்ன பாடுபடுவோமோ, அதே பாடுதான் அவர்களுக்கும். மீன் விற்கும் அம்மாக்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள். பேசிப் பாருங்கள், நல்ல சங்கராவையும் வஞ்சிரத்தையும் செவுளைத் திறந்து காட்டித் தருவார்கள். தை, மாசி, பங்குனி இரவுகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட அந்தக் கரைக்கு வரும். விளக்கடித்துக்கொண்டு மணலில் உலாவ வேண்டாம்.

வகுப்பு முடிந்து பசியாறியதும் ஊரைப் பாருங்கள். தமீமுன் அன்சாரி தர்கா, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகர் ஜான் டி மான்டே கட்டிய கார்மேல் அன்னை ஆலயம், மீனவர்களின் அம்மன் கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். கோவளத்தில் ஒரு கோட்டையும் இருந்தது. 1752-ல் கிளைவ் அதைப் பிடித்துத் தகர்த்தார்.

நேரம் இருந்தால் மாமல்லபுரத்துக்கும் போங்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அங்கேதான் நடந்தது. ரமேஷ் புதிகால் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. எனக்கு அதைவிட நெருக்கம் கமலியின் கதை. மாமல்லபுரம் மீனவர் குடியிருப்பில், கடற்கரையில் கடை வைத்துப் பிழைக்கும் அம்மா வளர்த்த பெண். அவளைப்பற்றிய 'கமலி' என்ற குறும்படம் 2020-ல் பாஃப்டா விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. ஸ்கேட்போர்டு என்னும் சறுக்குப்பலகையில் தொடங்கியவள் அலையிலும் தேசிய அளவில் வென்றாள். பெண்பிள்ளைக்கு எதற்குக் கடல் என்று கேட்கும் பாட்டிமார்களிடம் நான் அந்தப் படத்தைத்தான் போட்டுக் காட்டுகிறேன். அவர்களில் ஒருவர் போன சித்திரையில் தன் பேத்தியை என்னோடு அனுப்பினார். வருகிற தையில் அவள் தங்கையும் வருகிறாளாம். நீச்சல் மட்டும் அதற்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.