சீட்டில் திறமை உண்டு, கல்லாவில் அது செல்லாது

மீமிசல் போன்ற சிற்றூரின் கடைத்தெருவானாலும் மாநகரத்து வீடானாலும், முன்பெல்லாம் சீட்டு விளையாட நாலு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் கலைப்பார், பக்கத்தில் இருப்பவர் கட்டை வெட்டித் தருவார். எல்லாம் கண்ணெதிரே நடக்கும். இப்போது செல்போனில் எதிராளி யாரென்று தெரியாது. சீட்டைக் கலைப்பது எங்கோ இருக்கும் கணினி. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பது திறமையாலா, அதிர்ஷ்டத்தாலா? ஆன்லைன் ரம்மிக்குத் தமிழக அரசு 2020-இல் தடை விதித்ததிலிருந்து நீதிமன்றத்தில் மறுபடியும் இழுபட்ட பழைய கேள்வி இது.

நீதிமன்றம் சொன்னது என்ன?

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இலேயே ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று தமிழகத்தின் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. ஆன்லைன் விளையாட்டை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதிய சட்டத்தை அதே நீதிமன்றம் 2023 நவம்பர் 9 அன்று ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கர் என்ற சீட்டாட்டத்தையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

திறமை எப்போது தெரியும்?

விண்டோஸ் கணினியில் வந்த ஃப்ரீசெல் ஆட்டத்தில் 52 சீட்டும் முகம் காட்டியபடி கிடக்கும். எண்ணிட்ட 32,000 ஆட்டங்களில் 11982-ஆம் ஆட்டத்துக்கு மட்டுமே தீர்வு இல்லை. மற்றவற்றில் தோற்றால் காரணம் நாம்தான். ரம்மி அப்படியல்ல. எதிராளியின் கையும் மூடிய கட்டும் நமக்குத் தெரியாது.

நூற்றுக்கு 55 ஆட்டம் ஜெயிக்கும் கெட்டிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்தே ஆட்டம் ஆடினால் அவர் பின்தங்கி நிற்க 26 சதவீத வாய்ப்பு உண்டு. நூறு ஆட்டத்தில் அது சுமார் 13 சதவீதமாகக் குறையும். ஆயிரம் ஆட்டத்தில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஒரு ராத்திரியில் நாலு கை ஜெயித்தவர் தன்னைத் திறமைசாலி என்று நம்புவது இதனால்தான் ஆபத்து.

கலைப்பது யார்?

52 சீட்டை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கையைத் தோராயமாக எழுத, 8 போட்டு 67 பூஜ்யம் போட வேண்டும். ஆனால் 1999-இல் ஒரு போக்கர் தளத்தின் நிரல், நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடியை வைத்தே சீட்டைக் கலைத்தது. ஒரு நாளில் அதிகபட்சம் 8.64 கோடி அடுக்குகள்தான் வரும். ஓட்டையைக் கண்டுபிடித்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஐந்து சீட்டைப் பார்த்ததுமே எல்லோர் கையையும் சொல்லிவிட்டார்கள். கணினி ஒழுங்காகக் கலைக்கிறதா என்று ஆடுபவரால் பார்த்துச் சொல்ல முடியாது.

லாபம் யாருக்கு?

கலைப்பு நேர்மையாகவே இருக்கட்டும். இருவர் தலைக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள். ஆட்டத்தை நடத்துபவர் 200-இல் 20 எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் லாபம் 80, தோற்றால் நஷ்டம் 100. நம் கெட்டிக்காரருக்கு 55 வெற்றியில் 4,400 ரூபாய் வரும். 45 தோல்வியில் 4,500 போகும். திறமை இருந்தும் கைநஷ்டம் 100. எதிராளிக்கு 1,900 நஷ்டம். நடத்துபவர் கல்லாவில் 2,000.

திறமையா, அதிர்ஷ்டமா என்று அரை நூற்றாண்டு வாதாடியும் பணம் இழந்த குடும்பங்களைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குக் காரணம் இந்தக் கணக்கு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அதனால் பணம் இழந்தவர் வீட்டில் மறைக்கவோ, உதவி கேட்கத் தயங்கவோ வேண்டியதில்லை.

பணம் வைக்காத சீட்டாட்டம் நினைவாற்றலுக்கு நல்ல பயிற்சி, தாராளமாக ஆடலாம். விட்ட பணத்தைப் பிடிக்கிறேன் என்று மறுபடி உட்காருவதுதான் கூடாது. கூடுதலாக ஆடும் ஒவ்வொரு கையிலும் உறுதியாக வரவு வைப்பவர் நடத்துபவர் ஒருவரே.