கூதிர்காலத்துக்கு ஒரு பின் குஷன்: நம்ம ஊர் பருத்தி ஏன் உள்ளே வேண்டாம்?

தையல் பத்தி ஒரு எபிசோட் கேட்டுட்டே இருந்தீங்க. இன்னைக்கு உள்ளங்கை அளவுப் பொருள் ஒண்ணு: பின் குஷன்.

யூடியூப்ல 'ஆட்டம் பின் குஷன்'னு தேடுங்க. ஆரஞ்சு பூசணிக்காயும் சிவந்த மேப்பிள் இலையும் வரிசையா வரும். கயத்தாறுல அக்டோபர் மாசம் எந்த இலையும் சிவக்கிறதில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அது நடந்ததும் ஒரு அக்டோபர்லதான், 1799, 16ஆம் தேதி. எங்களுக்கு அந்தப் பருவம் வர்றது காத்தாடியில தெரியும். ஊரைச் சுத்தி நிக்கிற காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வேகமா சுத்திட்டு, அப்புறம் அசமந்தமாகும். கரிசக்காட்டுல விதைப்பு ஆரம்பிக்கும். தையல் கடையில 'தீபாவளி ஆர்டர் முடிந்தது'ன்னு அட்டை தொங்கும். பழைய தமிழ்ப் பருவக் கணக்குல ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குளிரும் ஈரமும் சேர்ந்த காலம். இந்த ஈரம்தான் இன்னைக்கு விஷயம்.

ஊசியும் குண்டூசியும் எஃகு. மேல இருக்கிற பளபளப்பு ஒரு மெல்லிய பூச்சு. அது தேய்ஞ்ச இடத்துல ஈரம் பட்டா துரு. துருப்பிடிச்ச ஊசி துணிக்குள்ள வழுக்காது, நூலை இழுக்கும். தச்சுட்டிருக்கிற வெள்ளைச் சட்டையில ஒரு ராத்திரி குத்தி வச்சிருந்தா, காலையில பழுப்புப் புள்ளி ஒண்ணு இருக்கும். சோப்புக்கு அது அசையாது. அடுத்தவங்க தீபாவளித் துணின்னா என்ன பதில் சொல்றது? அதனால பின் குஷன்ல வெளித்தோற்றத்தைவிட முக்கியமான கேள்வி, உள்ளே என்ன அடைக்கிறோம்ங்கிறது.

இங்கதான் கொஞ்சம் மனசு கஷ்டம். எங்க பக்கம் பருத்தி பூமி. கருங்கண்ணிப் பருத்தி விளைஞ்ச கரிசல். தூத்துக்குடி கோரல் மில்லுல நூல் நூத்த தொழிலாளிகள் 1908ல வேலைநிறுத்தம் செஞ்சப்போ முன்னாடி நின்னவர் வ.உ.சி. இவ்வளவு பெருமை இருந்தும், மழைக்காலத்துக்குச் செய்யுற பின் குஷனுக்குள்ள பருத்தி வேண்டாம்னுதான் சொல்லுவேன். சாதாரணக் காத்துலயே பருத்தி தன் எடையில ஏறத்தாழ 7-8 சதவீதம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ஐப்பசி மழையில இன்னும் கூடும். உடம்புல போடும்போது வியர்வையை உறிஞ்சுற அதே நல்ல குணம், ஊசிக்கு எதிரி.

மரத்தூள் ஊசியை நல்லா இறுக்கிப் பிடிக்கும், ஆனா அதுவும் ஈரம் குடிக்கும். இலவம்பஞ்சுல மெழுகுத்தன்மை உண்டு, தண்ணி ஒட்டாது. ஆனா ரொம்ப லேசு, குத்தின ஊசி ஆடும். அரிசி, தானியம் போட்டா வண்டு வரும். கடற்கரை மணல் மட்டும் கண்டிப்பா கூடாது, அதுல இருக்கிற உப்பே ஈரத்தை இழுத்துட்டு வரும். மிஞ்சுறது, கேட்கவே ரசனையில்லாத பாலியஸ்டர் ஃபைபர். அது ஈரத்தை அரை சதவீதம்கூடப் பிடிக்காது. பழைய ஃபைபர் தலையணை ஒண்ணைப் பிரிச்சா போதும்.

வடிவத்துக்குப் பூசணிக்காயையே வச்சுக்கலாம். அது ஒண்ணும் அமெரிக்காக்காரங்க சொத்து மாதிரி இருக்க வேண்டியதில்லை. மார்கழிக் கோலத்துல வைக்கிற பூவுக்கு, கொடி இந்த மழையிலதானே படருது.

நெருக்கமா நெய்த துணியில 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம் வெட்டுங்க. பழைய பாப்ளின் சட்டை நல்லா இருக்கும். நல்ல பக்கம் உள்ளே இருக்கிற மாதிரி மடிச்சு, 6 அங்குல ஓரங்கள் ரெண்டையும் சேர்த்துத் தைச்சா ஒரு குழாய் கிடைக்கும். மெஷின்னா தையல் நீளம் 2ல வைங்க. கைன்னா கெட்டித் தையல். மெஷினுக்கு வேலை இத்தோட முடிஞ்சது. அடுத்த சுருக்கை மெஷின்லயும் போடலாம், ஆனா இழுக்கும்போது நூல் பட்டுனு அறும். ரெட்டை நூல் கோத்து, குழாயோட ஒரு வாயைச் சுத்திக் கையால ஓட்டுத் தையல் போட்டு, இறுக்கி இழுத்து முடிச்சுப் போடுங்க. புரட்டுங்க. அடியில ஒரு தட்டையான கூழாங்கல்லைக் கழுவிக் காயவச்சு வைங்க, அப்பதான் ஒரு கையால ஊசியை உருவும்போது குஷன் கூடவே எழுந்து வராது. அதுக்கு மேல ஃபைபர். 'போதும்'னு தோணின பிறகும் இன்னும் ரெண்டு பிடி திணிக்கணும். இறுக்கம் இல்லாத குஷன்ல ஊசி முழுசா உள்ளே முங்கிரும், அப்புறம் தேடுற விரல்லதான் குத்தும். மேல் வாயையும் இதே மாதிரி சுருக்குங்க.

இப்போ கோணி ஊசியில தடிமனான நூல். அடி நடுவுல குத்தி, கல்லைக் கொஞ்சம் ஒதுக்கிட்டு, மேல் நடுவுல எடுங்க. நூலை வெளிப்பக்கமா சுத்தி அடிக்குக் கொண்டு வந்து, திரும்ப அதே வழி. முதல்ல ரெண்டு பாதி, அப்புறம் நாலு, அப்புறம் எட்டு. ஒவ்வொரு தடவையும் இறுக்கினா பூசணிக் கீத்து தானா எழும்பும். உச்சியில காம்புக்குப் பதிலா மஞ்சள் துணியில அஞ்சு இதழ் வெட்டித் தைச்சிருங்க.

ஃபேன்ஸி ஸ்டோர்ல கிடைக்குற சிவப்புத் தக்காளி குஷனைப் பாத்திருப்பீங்க. சிலதுல ஒரு குட்டி ஸ்ட்ராபெர்ரி தொங்கும். அது அலங்காரம் இல்லை. அசல் டிசைன்ல அதுக்குள்ள எமரித்தூள் இருக்கும், ஊசியை நாலு தடவை குத்தி எடுத்தா லேசான துரு தேய்ஞ்சு போயிரும். நமக்கு எதுக்கு ஸ்ட்ராபெர்ரி? விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க்குப் பேர் போன ஊர். சிவப்புத் துணியைக் கால் வட்டமா வெட்டி, கூம்பாத் தைச்சு, எமரித்தூளை நிரப்பி, வாயைப் பச்சை நூலால கட்டி பூசணிக்காயில தொங்கவிடுங்க. துணி ரெண்டு மடிப்பா இருக்கட்டும், இல்லைன்னா தூள் கசியும். ஹார்டுவேர் கடையில தூள் இல்லைன்னு சொன்னா, ரொம்ப நைஸான உப்புத்தாள் ஒண்ணு வாங்கி மடிச்சு, அதுக்குள்ள ஊசியை விட்டு உருவுங்க. பேர்லதான் உப்பு, பயப்படாதீங்க.