நிலமும் மதிப்பீடும்

லண்டன் மாநகரின் சாக்கடை, சாலை, பாலம் முதலிய பொதுக் காரியங்களுக்காக 1855ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட மெட்ரோபாலிடன் போர்டு ஆஃப் ஒர்க்ஸ் என்னும் ஸ்தாபனம், தேம்ஸ் நதியின் துர்நாற்றத்தைப் போக்கிய பாதாளச் சாக்கடைகளால் பெரும் கீர்த்தி பெற்றிருந்தும், முப்பது சொச்சம் ஆண்டுகளுக்குள் வரி செலுத்துவோரின் நிந்தைக்கு ஆளாயிற்று. கெடுதல் நில விஷயத்தில் புகுந்தது.

புதிய சாலை ஒன்றைத் திறக்க வேண்டுமானால், போர்டு வழியிலுள்ள கட்டடங்களை வாங்கி இடித்து, சாலைக்குப் போக மிஞ்சிய மனைகளை நீண்டகாலக் குத்தகைக்கு விடும். எந்த மனைக்கு என்ன வாடகை தகும் என்று கணக்கிட்டுச் சொல்வது, தலைமைக் கட்டடக் கலைஞரின் இலாகாவிலிருந்த உத்தியோகஸ்தர்களின் பொறுப்பு. ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவுக்காகப் பிக்காடில்லியில் இருந்த பெவிலியன் என்ற இசையரங்கை எடுத்துக்கொண்டபோது, அதை நடத்திவந்த வில்லியர்ஸ் என்பவருக்கே புதிய மனையும் கிடைக்கும்படி செய்வதென்றும், அதற்குப் பிரதியாக மனையின் ஒரு மூலையில் மதுக்கடை வைக்கும் உரிமையைத் தாங்கள் காட்டும் ஆளுக்கு அவர் விட்டுக்கொடுப்பதென்றும், மதிப்பீட்டு அதிகாரி கோடார்டும் அவருடைய சகா ராபர்ட்ஸனும் இரகசியமாகப் பேசி முடித்தார்கள். அதிக வாடகை தருவதாக வேறொருவர் முன்வந்தும் பயனில்லை. மதிப்பீட்டின் நியாயத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவர்களே அதில் லாபம் பார்த்தவர்களாக இருக்கையில், அங்கத்தினர் முன் வைக்கப்பட்ட காகிதத்தில் குறை எப்படித் தென்படும்?

போர்டின் அங்கத்தினருள்ளும் கட்டடக் கலைத் தொழில் நடத்திய இருவர், போர்டின் அனுமதியை நாடி வந்தவர்களிடமே ஊதியம் பெற்றார்கள். பத்திரிகைகள் விடாமல் எழுதிய பின், 1888இல் ஹெர்ஷெல் பிரபுவின் தலைமையில் ராயல் கமிஷன் விசாரித்தது. அங்கத்தினரில் பெரும்பாலோர் கைசுத்தமானவர்களே என்று தெரியவந்தது. எனக்கு அதுவே மிகுந்த வேதனை தருகிறது. யோக்கியர்கள் நிறைந்த சபையில் ஒருவரேனும், 'இந்த மனையில் யாருக்குச் சம்பந்தம் உண்டு?' என்று கேட்டு, அந்தப் பதிலைக் குறிப்பேட்டில் ஏறச் செய்திருந்தால் கோடார்டின் காரியம் இவ்வளவு எளிதாகியிராது. அவர்களை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவுமில்லை; வட்டாரச் சபைகளே அனுப்பிவைத்தன. ஆகவே, கணக்குக் கேட்கும் உரிமை ஜனங்களிடமிருந்து ஒருபடி தள்ளியே நின்றது.

மறு ஆண்டு இயற்றப்பட்ட ஸ்தல ஸ்தாபன லஞ்சச் சட்டம், லஞ்சம் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் இரண்டாண்டுவரை சிறைவாசம் விதிக்க இடமளித்ததோடு, பெற்ற பொருளைத் திருப்பிச் செலுத்தவும், ஏழாண்டுக் காலம் பொதுப் பதவி வகிக்காதிருக்கவும் வகை செய்தது. குத்தகையானாலும் கடனானாலும், பொதுப் பணத்தில் அடித்த லாபம் கையில் தங்கவிடக் கூடாது என்பதே இதில் தலையாய அம்சம் என்று நான் கருதுகிறேன். சிறைக்குப் போய் வந்தவன் அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு வாழ முடியுமானால் தண்டனைக்கு என்ன பொருள்?

போர்டோ, தன் ஆயுள் முடியும் தறுவாயிலும், பிளாக்வால் சுரங்கப்பாதையின் ஒப்பந்தத்தைத் தானே கொடுத்துவிட முனைந்தது. அதன் இடத்துக்கு வருவதற்காகப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி கவுன்சில் நிறுத்தும்படி எழுதியும் போர்டு கேட்கவில்லை. விஷயம் அரசாங்கத்துக்குப் போயிற்று. கலைப்புக்குக் குறித்த நாளுக்கு முன்பாகவே, 1889 மார்ச் 21ஆம் தேதி, போர்டு கலைக்கப்பட்டது.